பழவேற்காடு வரை கை நனைக்காமல்

கிளம்பும்போது என் மனைவி மல்லிகா ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னாள். "தண்ணி குடுத்தா குடி. டீ குடுத்தா அத்தயும் குடி. சோத்துல மட்டும் கை வெக்காத."

பெண் கொடுக்கலாமா என்று ஒரு வீட்டைப் பார்க்கப் போனால், முடிவு சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டில் நாங்கள் சாப்பிட மாட்டோம். கை நனைப்பது என்று அதைச் சொல்வோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தட்டு மாற்றுவது, தேதி குறிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். பேசிய பேச்சை மாற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மாற்றிக்கொண்டவர்களை ஊரில் யாரும் மறப்பதில்லை.

நான் திருவொற்றியூரில் தார்ப்பாய் தைக்கிற கடையில் வேலை செய்கிறேன். துறைமுகத்துக்கும் மணலிக்கும் போகிற லாரிகள் எல்லாம் எங்கள் கடை வாசலில்தான் நிற்கும். வருகிறவர்களிடம் முதலாளி பேசுவார். நான் விரித்த தார்ப்பாயின் நடுவில் உட்கார்ந்து குனிந்து தைப்பேன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். ஐந்தாவது வரை படித்தேன். எழுதச் சொன்னால் எழுதுவேன், பேசச் சொன்னால்தான் கஷ்டம். எண்ணூர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் வெளிநாடு.

என் மகள் திவ்யா ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறாள். காட்டுப்பள்ளிப் பக்கம் கிரேன் ஓட்டுகிற சந்துரு என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்று எங்களிடம் நேராகச் சொன்னாள். பையனின் அப்பா தேசப்பன் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் மீன் பிடிக்கிறவர். குளிர்காலத்தில் சனி ஞாயிறுகளில் பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரை இரண்டு நாள் நடத்திக் கூட்டிப்போவாராம்.

"நைனா, சேர்ல எதிரெதிர குந்திகினு பேச ஒனக்கு வராது. அவரு கூட நடந்து போ. பாத்துட்டு வந்து சொல்லு. நீ வேணாம்னா வேணாம்" என்றாள் திவ்யா.

அப்படிச் சொல்லிவிட்டாள். அந்தக் கடைசி வார்த்தை என் தலையில் மூட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மல்லிகாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனசு இல்லை. தூரம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று அவள் காதுக்கு வந்திருந்தது. "அந்த வூட்டு மூத்த மருமவ ஒரே வருஷத்துல அம்மா வூட்டுக்குப் பூட்டாளாம். ஏன்னு கேட்டுகினு வா."

"நான் எப்பிடி கேக்கறது?"

"வாயாலதான்."

*

தை பிறந்து முதல் சனிக்கிழமை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. நான் ஏறிய ஷேர் ஆட்டோ அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "இன்னிக்கு இது நவுறாது நைனா. கால் கீதுல்ல, நடங்க" என்றார். எல்லோரும் இறங்கி லாரிகளுக்கு நடுவே ஓடினோம். பாதி தூரம் போன பிறகுதான் கையைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் இருந்தது. உட்காரக் கொண்டுபோன தார்ப்பாய்த் துண்டு இருந்தது. மல்லிகா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பை இல்லை. திரும்பிப் பார்த்தால் அந்த ஆட்டோ எது என்றே தெரியவில்லை. எல்லாம் மஞ்சள்தான்.

ஆற்றங்கரையில் எட்டுப் பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் தூரக்கண்ணாடி. நடுவில் ஒல்லியாக, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க ஒருவர் நின்றார். அவர்தான் தேசப்பன். "வாங்கண்ணே" என்று என் கையிலிருந்து தார்ப்பாயை வாங்கிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்து, "இவுரு நம்ம தோஸ்து. திருவொத்தியூரு" என்றார். சம்பந்த விஷயத்தை வெளியே சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாதி மூச்சு வந்த மாதிரி இருந்தது.

படகில் ஆற்றைக் கடந்தோம். தண்ணீர் சாம்பல் கரைத்த மாதிரி இருந்தது. பின்னால் புகைபோக்கிகள், முன்னால் பச்சையாக அலையாத்திச் செடிகள். பெரிய குழாய் ஒன்றின் மேல் கூழைக்கடாக்கள் ஏழெட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. எங்கள் தெருவிலிருந்து அரை மணி தூரம்தான் இருக்கும். இத்தனை வருஷமாக அவை இங்கே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ராஜரத்தினம். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கிற ஒவ்வொரு பறவையையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

"உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் சார்?"

"இன்னிக்குத்தாங்க."

"அப்ப கொடுத்து வெச்சவரு. எதைப் பாத்தாலும் புதுசு" என்றார்.

காட்டுப்பள்ளியைத் தாண்டியதும் சத்தம் குறைந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பழைய கால்வாய், நடுவில் மணல். சவுக்கு மரங்களுக்கு அடியில் நடந்தோம். நான் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவன். ஒரு மணி நேரத்தில் குதிகால் எரிய ஆரம்பித்தது. ரப்பர் செருப்புக்குள் மணல் புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்த்தது. தேசப்பன் என் பக்கம் நடந்து, "கயட்டிட்டு ஈர மணல்ல நடங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போனார். நடந்தேன். சரியாகிவிட்டது.

கால்வாயில் ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுந்து நின்றது. நடுவில் கதவு இருந்த இடம் காலி. வெள்ளைக்காரன் காலத்தில் படகுகளை நிறுத்தி, தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்து அனுப்புகிற இடமாம். உப்பும் விறகும் இந்த வழியாகத்தான் பட்டணத்துக்குப் போனதாம். ராஜரத்தினம் சொன்னார். மற்றவர்கள் சுவரின் மேல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைப் படம் பிடித்தார்கள். நான் சுவரின் விளிம்புக் கல்லைத் தடவிப் பார்த்தேன். அதில் விரல் அகலத்துக்குப் பள்ளம் பள்ளமாக இருந்தது. கயிறு அறுத்த தடம். படகைக் கட்டி இழுத்து இழுத்துக் கல்லே தேய்ந்திருக்கிறது. கயிறு எந்தப் பக்கம் இழுத்தது என்பதுகூட எனக்குத் தெரிந்தது. அது என் தொழில்.

"இன்னாண்ணே பாக்கறீங்க?" என்று தேசப்பன் கேட்டார். காட்டினேன். அவர் விரலை வைத்துப் பார்த்தார். "நூறு வாட்டி இங்க வந்துகீறேன். இத்த பாத்ததே இல்ல" என்றார்.

கேட்க நல்ல நேரம் என்று தொண்டையைச் சரிசெய்தேன். அவர் சட்டென்று கையைத் தூக்கினார். "ஷ். உள்ளான்." சேற்றில் குச்சிக் காலோடு நாலு சின்னப் பறவைகள் ஓடின. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அவை பறந்து போனபோது என் கேள்வியும் கூடவே போய்விட்டது.

*

மதியம் ஒரு புன்னை மரத்தடியில் உட்கார்ந்தோம். என் தார்ப்பாயை விரித்தேன். தேசப்பன் ஒரு கூடையிலிருந்து பொட்டலங்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். வாழை இலை, மேலே செய்தித்தாள், ரப்பர் பேண்டு. எங்கள் கடைக்கு மெஸ்ஸிலிருந்து வருகிற பொட்டலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. காலையிலிருந்து இரண்டு பிஸ்கட்தான் என் வயிற்றில் இருந்தது. ஓட்டல் சாப்பாடுதானே, கை நனைத்த கணக்கில் வராது என்று பிரித்தேன். எலுமிச்சைச் சோறு, வறுத்த நெத்திலி, ஒரு முட்டை. நெத்திலியில் பூண்டு தட்டிப் போட்டிருந்தார்கள். வேகமாகச் சாப்பிட்டேன்.

பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு ராஜரத்தினம் விரலை நக்கிக்கொண்டே, "தேசப்பன், உங்க வீட்டம்மா கைக்கு ஒரு வளையல் செஞ்சு போடணும்ப்பா" என்றார்.

என் கை அப்படியே நின்றது.

"விடியக்காலம் எழுந்து பத்துப் பொட்டலம் கட்டுச்சு சார். சொல்றேன்" என்று தேசப்பன் சிரித்தார். என்னைப் பார்த்தார். என் விரலில் சோறு. அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கும் அந்த வழக்கம் தெரியாமல் இருக்காது. கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்.

நான் மிச்சத்தைச் சாப்பிடவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். "வயிறு சரியில்லியா? உப்பு சக்கரப் பொடி தரட்டுமா?" என்று ராஜரத்தினம் பையைத் திறந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சாப்பாட்டைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அந்தம்மா விடியக்காலம் எழுந்து கட்டியது. தின்று முடித்தேன். கடல் தண்ணீரில் கை கழுவினேன். கழுவும்போது மல்லிகாவின் குரல் கேட்டது. போனில் இல்லை, காதுக்குள்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தடவை கேட்கப் பார்த்தேன். ஒரு தடவை செம்பருந்து வந்து கெடுத்தது. இன்னொரு தடவை நானே, "பெரியவரு..." என்று ஆரம்பித்துவிட்டு, அவர் திரும்பியதும், "பெரிய அலையா கீதே இன்னிக்கு" என்று முடித்தேன். அவர் கடலைப் பார்த்தார். அன்றைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்தது. "ஆமாண்ணே" என்றார்.

ராத்தங்கல் ஒரு பள்ளிக்கூடத்தில். நான் அடுத்தவர் குறட்டை விடுவதற்கு முன்பே தூங்கிவிட்டேன். லாரி சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்று நினைத்திருந்தேன். வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை படகில் ஏரிக்குள் போனோம். ஏரி என்றால் எனக்குப் புழல் ஏரிதான் தெரியும். இது வேறு. அடுத்த கரை தெரியவில்லை. ஆனால் தண்ணீர் முழங்கால்தான். கொஞ்ச தூரத்திலேயே படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தேசப்பன் எஞ்சினைத் தூக்கிவிட்டு இறங்கினார். நானும் லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வயதானவர்களை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இரண்டு பேரும் பின்னால் நின்று தள்ளினோம். சேறு வாய் வைத்து உறிஞ்சுகிற மாதிரி காலை இழுத்தது.

பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார். "இன்னா தேசப்பா, மீன வுட்டுட்டு கொக்கு மேய்க்கப் போனியே, இப்ப படக மேய்க்கிறியா?"

"நீ வந்து ஒரு கை குடு மாமு, ஒன்னியும் சேத்து மேய்க்கிறேன்."

"யாரு அது புது ஆளு? ஷோக்கா தள்றாரே."

"சொந்தக்காரரு" என்றார் தேசப்பன். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் இன்னும் பலமாகத் தள்ளினார். நானும் பார்க்கவில்லை. படகு நகர்ந்தது.

பிறகு பூநாரைகளைப் பார்த்தோம். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, உப்பளத்தில் குவித்த உப்பு மாதிரி. ராஜரத்தினம் தூரக்கண்ணாடியைக் கொடுத்தார். கோடு பிரிந்து கால்களாகவும் கழுத்துகளாகவும் ஆனது. நூற்றுக்கணக்கில். எல்லாம் தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அலகை வைத்தபடி நடந்தன. ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலை செய்கிறவன் தலை குனிந்துதான் இருப்பான். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

திடீரென்று ஒரு பக்கத்திலிருந்து எழுந்தன. வெள்ளை என்று நினைத்த பறவைகள் சிறகை விரித்ததும் உள்ளே சிவப்பு. கருஞ்சிவப்பு இல்லை, ரோஸ் நிறமும் இல்லை, புதுச் செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் வருமே அந்த நிறம். போட்டோ எடுக்கிறவர்கள்கூட எடுக்கவில்லை. அவை ஒரு சுற்றுச் சுற்றி வேறு இடத்தில் இறங்கின. சிறகை மூடியதும் பழையபடி உப்பு.

"எத்தினி இருக்கும்?" என்று கேட்டேன். இரண்டு நாளில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. ராஜரத்தினம் நோட்டைப் பார்த்தார். "எண்ண மறந்துட்டேன் சார்" என்றார்.

*

பழவேற்காடு ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய கல் பலகைகள். அதன் மேல் எழுத்துகள். இத்தனை வெயில் மழைக்கும் அந்த எழுத்துகளின் விளிம்பு இன்னும் கூராக இருந்தது. கப்பலும் பூவும் கேடயமும் செதுக்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்லறைகளில் பெயின்டில் எழுதிய பெயர் இரண்டு மழைக்குத் தாங்காது. ராஜரத்தினம் குனிந்து படிக்கப் பார்த்தார். ஆங்கிலம் இல்லை, ஒன்றும் புரியவில்லை என்றார். ஐந்தாவது படித்த எனக்கும் டிகிரி படித்த அவருக்கும் அங்கே ஒரே நிலைமைதான். அந்த நாட்டு மொழி தெரிந்த யாரோ ஒருவர் முன்பு சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு ராஜரத்தினம் ஒரு கல்லைக் காட்டினார். "இது இங்க இருந்த ஒரு அதிகாரியோட மனைவி. கப்பல்ல வந்தவங்க. திரும்பிப் போகல."

மற்றவர்கள் அடுத்த கல்லுக்குப் போனார்கள். நான் அங்கேயே நின்றேன். தேசப்பன் மதில் நிழலில் உட்கார்ந்து காலில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ தூரம் பொண்ண குடுத்துட்டு அந்த அப்பன் இன்னா பண்ணியிருப்பான்?" என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. சும்மா வாயில் வந்துவிட்டது. "அது நல்லா கீதா இல்லியான்னுகூட தெரிஞ்சிருக்காது."

தேசப்பன் சுரண்டுவதை நிறுத்தினார். "குந்துங்கண்ணே" என்றார். உட்கார்ந்தேன்.

"நீங்க நேத்துலேர்ந்து ஒண்ணு கேக்கணும்னு கீறீங்க. எனக்குத் தெரியும். நீங்க கேக்க வேணாம், நானே சொல்றேன். எங்க மூத்த மருமவ ரேவதி, நல்ல பொண்ணு. தப்பு எங்க பக்கம். என் பெரிய பையன் அத்த அடிச்சான். ஒரு வாட்டி இல்ல. மொத வாட்டி சொன்னேன். ரெண்டாவது வாட்டி நானும் அவன அடிச்சேன். மூணாவது வாட்டி அந்தப் பொண்ணு கிட்ட, பொட்டிய எடும்மான்னு சொல்லி, நானே போட்ல ஏத்திகினு போயி அது அம்மா வூட்ல வுட்டேன். அவுங்க அப்பா காலாண்ட நின்னு சொன்னேன், ஒம் பொண்ண நல்லா வெச்சுக்க எங்களுக்குத் துப்பு இல்லன்னு. பெரியவன வூட்டுக்கு வராதன்னுட்டேன்."

ஒரு ஆடு வந்து கப்பல் செதுக்கிய கல்லின் மேல் ஏறி நின்றது. அவர் அதை விரட்டவில்லை.

"சந்துரு ஒங்க பொண்ணு கிட்ட எல்லாத்தியும் சொல்லிட்டான். பெத்தவங்க கிட்ட நான்தான சொல்லணும். சின்னவன் அப்பிடி இல்லன்னு எனக்குத் தோணுது. பெரியவனையும் நான் அப்பிடித்தான் நெனச்சேன். அதனால எழுதிலாம் குடுக்க முடியாதுண்ணே. ஒண்ணே ஒண்ணு சொல்ல முடியும். அப்பிடி எதுனா ஆச்சுன்னா, நீங்க வர வேணாம். நானே ஒங்க பொண்ண கொண்டாந்து ஒங்க வாசல்ல வுடுவேன்."

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து விசிலை ஊதி எல்லோரையும் கூப்பிட்டார்.

நான் வாசலுக்கு வந்து மல்லிகாவுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அவுரு வாயாலயே சொன்னாரா?"

"ஆமா."

"நீ கேட்டதுக்கா?"

"நான் கேக்கல."

"நீ எங்க கேக்கப் போற" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. பிறகு, "நீ நேர்ல கீற. நீ பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

*

அதே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்கப் போனோம். கோட்டை என்று ஒன்றும் இல்லை. சீமைக்கருவேல முள்ளுக்குள் ஒரு மேடு, சுற்றிலும் பாசி பிடித்த அகழி. முள்ளுக்குள் அங்கங்கே செங்கல் எட்டிப் பார்த்தது. கல்லறைகள் நிற்கின்றன, கோட்டை விழுந்துவிட்டது என்று ராஜரத்தினம் நோட்டில் எழுதிக்கொண்டார். அகழியில் ஒரு நாமக்கோழி நீந்தியது. அவரது நோட்டில் கடைசிப் பறவை அதுதான்.

பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் விடைபெற்றார்கள். ராஜரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷமும் வாங்க என்றார். பஸ் போனது. நானும் தேசப்பனும் மட்டும் நின்றோம்.

"வூட்டுக்கு வரீங்களா, இல்ல அடுத்த பஸ்ஸுல ஏத்தி வுடட்டுமா?" என்று கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்து சாப்ட்டீங்களே, அத்த மனசுல வெச்சுக்காதீங்க. பறவ பாக்க வந்தவங்களுக்குக் கட்டுன சோறு அது. சம்பந்தத்துல சேராது. நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"வூட்ட பாத்துட்டுப் போறேன்" என்றேன்.

குப்பத்தின் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. மல்லிகாவுக்காக எல்லாவற்றையும் பார்த்தேன். தண்ணீர் லாரியில்தான் வருகிறது. வாசலில் நாலு நீல டிரம், மூடி போட்டுச் சுத்தமாக. பின்னால் கக்கூஸ், உள்ளிருந்து தாழ்ப்பாள் உண்டு. பக்கத்தில் வலை வைக்கிற கொட்டகையின் மேல் தார்ப்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. இழுத்து வேறு முடிச்சுப் போட்டேன்.

தேசப்பனின் மனைவி செல்வி வெளியே வந்து, நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சந்துரு வேலைக்குப் போயிருந்தான். எனக்கு நாற்காலி போட்டார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். டீ கொடுத்தார். உள்ளே மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வீடு முழுக்க இருந்தது. சாப்பிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் சங்கடப்படக்கூடாது என்று அடுப்படிக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"எல்லாத்தியும் சொல்லிட்டாரா?" என்று கேட்டார்.

"சொன்னாரும்மா."

"நல்லது." புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "அவுரு பண்ணது சரிதான். நானும் அந்தப் பொண்ணு தலையில எண்ணெ வெச்சு அனுப்புனேன். ஆனா பெரியவன் இந்த வாசல மிதிச்சு ரெண்டு வருஷம் ஆவுது. இன்னிக்கு மடவ மீனு வாங்கி அனுப்பியிருந்தாரு. அவனுக்கு மடவன்னா உசுரு. இங்க அவன் பேர எடுக்கக்கூடாது. நான் பெத்தவ இல்லியா."

தேசப்பன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

யாரோ பெற்ற பெண்ணுக்காக இந்த வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு தட்டு குறைகிறது. அதை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்த வீட்டில் என் மகள் சுகமாக இருப்பாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் அழுதால் இந்த வீட்டில் ஒருவருக்குக் கேட்கும்.

சம்மதம் என்று சொல்ல வாய் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். நீல டிரம்மின் மூடியைத் திறந்து, ஒரு சொம்பு மோந்து, வலது கையை நன்றாகக் கழுவினேன். உள்ளே வந்து நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

செல்வி என்னைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். அடுப்படிக் கதவை முழுசாகத் திறந்தார்.

மடவை சதை பிரிந்து வெள்ளையாக விழுந்தது. மாங்காய் போட்டிருந்தார்கள். தேசப்பன் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். செல்வி இரண்டாவது தடவை சோறு போட்டார். போதும் என்று நான் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. நான் எங்கே இருந்தாலும் அவள் கேட்கிற கேள்விதான்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றேன்.

போனில் எங்கள் தெருவின் சத்தம் கேட்டது. லாரி ஹாரன். பக்கத்து வீட்டு டிவி. குழாயடியில் குடம் வைக்கிற சத்தம். பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் அந்த வெள்ளைக் கோடு. வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"இன்னா கொழம்பு?" என்று கேட்டாள்.